தோற்றவர் காட்டும் தர வரிசை



சென்ற மார்கழிக் குளிரில், ஒரு சனிக்கிழமை மாலை, இரண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த கால்பந்துப் பந்தயத்தைப் பார்க்க நாங்கள் ஏழெட்டுப் பேர் போயிருந்தோம். ஒரு பக்கம் எங்கள் கல்லூரி. எதிரே, இந்தப் புனே நகரத்தின் மற்றொரு கோடியிலிருந்து வந்த கல்லூரி. இரண்டின் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கட்டுரையை அந்த வரியோடு விட்டுவிட்டு, கட்சி பிரிந்துகொண்டு என் அறைக் கதவைத் தட்ட வந்து விடுவீர்கள்.

இடைவேளை வரையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. எங்கள் பையன்கள் ஓடினார்கள்; நாங்கள் கை தட்டினோம். பிற்பாதியில் அவர்கள் முதலில் ஒரு கோல் போட்டார்கள். அதற்கு நடுவரைத் திட்டினோம். பத்து நிமிஷத்துக்குள் இன்னொன்றும் விழுந்தது. அதற்கு யாரைத் திட்டுவது? நடுவர் மேல் எந்தக் குற்றமும் இல்லையென்பது எங்களுக்கே தெரியும். ஒரு கணம் எங்கள் பக்கம் முழுவதும் வாயடைத்து நின்றது. அப்போதுதான் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "ரேங்க் க்யா ஹை? ரேங்க் க்யா ஹை?"

அவ்வளவுதான். நூறு குரல்கள் அதைப் பிடித்துக் கொண்டன. உங்கள் கல்லூரிக்கு நாட்டில் எத்தனையாவது இடம் என்று கேட்கிறோமாம்! எதிர்ப்பக்கத்துப் பையன்கள் வாயைத் திறக்கவில்லை. கோல் எண்ணிக்கை எழுதியிருந்த பலகையை விரலால் சுட்டிக் காட்டினார்கள். அதற்கு மேல் பதில் வேறு வேண்டுமா? ஆனாலும் நாங்கள் விடவில்லை. கடைசி நேரத்தில் எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் அடித்த அருமையான பந்தை அவர்களுடைய கோல்காவலன் குறுக்கே பாய்ந்து தட்டி விட்டான். மண்ணிலிருந்து அவன் எழுந்திருக்கும் முன்பே எங்கள் கூட்டம், "கோட்டா! கோட்டா!" என்று ஊளையிட்டது. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் பெற்று வந்தவன், படித்து வந்தவன் அல்லன் என்பது அதன் பொருள். ஊளையிட்டவர்களில் நானும் ஒருவன். அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

பந்தயம் முடிந்து, பக்கத்திலிருந்த அம்ருத்துல்யா கடையில் தேநீருக்கு நின்று கொண்டிருந்தோம். முழங்காலில் மண்ணோடு ஒரு பையன் அருகே வந்தான். அந்தக் கோல்காவலன்தான்.

"அண்ணே, நீங்க நம்ம சங்கத்துப் பொங்கலுக்கு வந்திருந்தீங்கல்ல? உங்க இலையில ரெண்டாந்தடவை சக்கரைப் பொங்கல் வச்சது நான்தான்."

தேனிப் பக்கத்துப் பிள்ளை. இரண்டாம் ஆண்டு ரசாயனம் படிக்கிறான். எனக்குத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவன் சிரித்தான்.

"சத்தம் கேட்டுச்சு அண்ணே. யாரு கத்துனாங்கன்னு நான் பார்க்கல. பந்தைத்தானே பார்க்கணும்? அதோட நான் கோட்டாவுலதான் வந்தேன். அதுல பொய் என்ன இருக்கு?"

அன்று முதல் இந்த விஷயம் என் மனத்தை விட்டு அகலவில்லை. பந்தயத்தில் ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் கல்விப் பெருமையைப் பேசுகிறோமே, இது எங்கிருந்து வந்தது? யாருடைய பெருமையை யார் பேசுகிறோம்?

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். கல்வித் தரம் பற்றிய கேள்வி எப்போதும் தோற்கிற பக்கத்திலிருந்துதான் கிளம்பும். இரண்டு கோல் முன்னிலையில் இருக்கிறவன் நூலகத்தில் எத்தனை புத்தகங்கள் என்று கேட்டு நான் கண்டதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நாம் ஒரு படி மேலே போய், "எங்கள் வீட்டுக் கூடம் உங்கள் வீட்டுக் கூடத்தை விடப் பெரிது, தெரியுமா?" என்கிறோம்.

புனேயில் இந்தப் போட்டிக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. இங்கே ஃபெர்கூசன் கல்லூரி 1885-இல் தோன்றியது. சர் பரசுராம்பாவ் கல்லூரி, அதாவது எல்லோரும் எஸ்.பி. என்று சொல்லுகிற கல்லூரி, 1916-இல் தோன்றியது. பொறியியல் கல்லூரியோ இவ்விரண்டுக்கும் பாட்டன். அதன் தொடக்கம் 1854. ஆயினும் இவை யாவும் நெடுங்காலம் ஒரே பல்கலைக் கழகத்தின் கீழ் இருந்தவை. முதலில் பம்பாய்ப் பல்கலைக் கழகம். பிறகு 1949 பிப்ரவரி 10-ஆம் தேதி பிறந்த பூனாப் பல்கலைக் கழகம். அதன் முதல் துணைவேந்தர் எம். ஆர். ஜயகர். 2014-இல் அதற்கு சாவித்திரிபாய் புலே அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. ஒரே பல்கலைக் கழகம் என்றால் என்ன பொருள்? ஃபெர்கூசன் மாணவனுக்கும் எஸ்.பி. மாணவனுக்கும் ஒரே பாடத் திட்டம், ஒரே வினாத்தாள், கடைசியில் ஒரே முத்திரையிட்ட பட்டம். "உன் படிப்பு மட்டம்" என்று ஒருவன் மற்றவனைப் பார்த்துச் சொன்னால், அது தன் தட்டில் தானே உமிழ்ந்த கதைதான்.

விளையாட்டிலும் அப்படியே. கல்லூரிகளுக்குள் மோதிக் கொள்வார்கள். அது முடிந்ததும் எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்துப் பல்கலைக் கழகக் குழு ஒன்று அமைப்பார்கள். 1935-36 முதல் நடந்து வந்த ரோஹின்டன் பாரியா கிரிக்கெட் கோப்பைக்கு அந்தக் குழு புறப்படும். நேற்று நீ ஏளனம் செய்த பந்து வீச்சாளன் இன்று உன் பல்கலைக் கழகத்துக்காக ஓடி வருவான். நீ கை தட்டித்தான் ஆக வேண்டும். அந்த ஏற்பாட்டில் தானாகவே ஓர் அடக்கம் இருந்தது.

இப்போது நிலைமை மாறி விட்டது. தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தாமே வினாத்தாள் தயாரிக்கின்றன. 1964-இல் தொடங்கிய பாரதி வித்யாபீடம் 1996-இல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாயிற்று. 1971-இல் பிறந்த சிம்பயாசிஸ் 2002-இல் ஆயிற்று. பொறியியல் கல்லூரி 2022-இல் தனிப் பல்கலைக் கழகமாகி விட்டது. தனியார் பல்கலைக் கழகங்களும் வந்து விட்டன. நம் சங்கத்தில் கூடுகிற தமிழ் மாணவர்களைக் கணக்கெடுத்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பல்கலைக் கழகம். ஆகவே "எங்கள் பல்கலைக் கழகம், உங்கள் பல்கலைக் கழகம்" என்று பேசுவது புனேயில் ஒரு புதிய பாஷை. அந்தப் பாஷைக்கு அகராதியாக வந்து சேர்ந்தது மத்திய அரசின் தர வரிசைப் பட்டியல்.

என்.ஐ.ஆர்.எஃப். என்கிற அந்தப் பட்டியல் முதன்முதலாக 2016-இல் வெளிவந்தது. மைதானத்தில் அதைக் கூவுகிறவர்களில் எத்தனை பேர் அதன் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள்? பல்கலைக் கழக வரிசையில் கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30 பங்கு, ஆராய்ச்சிக்கு 30, மாணவர்கள் தேறி வெளியேறுவதற்கு 20, பல தரப்பாரையும் அரவணைப்பதற்கு 10, மீதி 10 மதிப்பெண், பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு! ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதியவர் ஏதோ ஒரு பேராசிரியர். அவர் அந்தச் சனிக்கிழமை மாலையிலும் ஆய்வுக் கூடத்தில் இருந்திருப்பார். நானும் என் பின்னால் நின்று கூவியவனும் அதற்கு ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. பாட்டன் வெட்டிய கிணற்றைக் காட்டி, பக்கத்து வீட்டுக்காரனிடம் என் தோள்வலியைப் பார் என்கிறோம். அந்தக் கடைசி 10 மதிப்பெண் விவகாரம் இன்னும் விசித்திரம். நல்ல கல்லூரி என்று பலர் நினைப்பதால் வரிசையில் ஏறுகிறது. வரிசையில் ஏறியிருப்பதால் நல்ல கல்லூரி என்று பலர் நினைக்கிறார்கள். செக்கைச் சுற்றுகிற மாடு கூட இதை விடக் கொஞ்சம் எண்ணெய் தரும்.

நிற்க. ஆட்டமும் கல்வியும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற எண்ணம் இருக்கிறதே, அதைப் புனேயில் இருந்துகொண்டு பேசுவதுதான் எனக்குப் பெரிய வெட்கமாகப் படுகிறது. இந்த ஊரிலேதான் பேராசிரியர் தேவ்தர் வாழ்ந்தார். டி. பி. தேவ்தர் என்றால் கிரிக்கெட் கோப்பையின் பெயர் என்று மட்டும் நம்மில் பலருக்குத் தெரியும். அவர் எஸ்.பி. கல்லூரியில் சம்ஸ்கிருதப் பேராசிரியர். காலையில் காவியம் நடத்துகிறவர், மட்டையை எடுத்தால் வெள்ளைக்காரப் பந்து வீச்சாளர்களைத் திணற அடித்தார். 1926-இல் கில்லிகன் தலைமையில் இங்கிலாந்திலிருந்து எம்.சி.சி. குழு வந்தபோது, பம்பாயில் அகில இந்தியக் குழுவுக்காக 148 ஓட்டங்கள் எடுத்தார். 1932-இல் இந்தியா டெஸ்ட் ஆட்டத்தில் காலடி வைப்பதற்கு அந்தச் சுற்றுப் பயணம் வழி கோலியது என்பார்கள். 1939-40, 1940-41 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ரஞ்சிக் கோப்பையை மகாராஷ்டிரம் வென்றபோது தலைவர் அவர்தான்; அப்போது வயது ஐம்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. 52-ஆம் வயதில், ஒரே ரஞ்சிப் பந்தயத்தின் இரண்டு இன்னிங்ஸிலும் நூறு அடித்தார்! அந்த வயதில் நம் பேராசிரியர்கள் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறார்கள். (என் துறைத் தலைவர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது.) 1892-இல் பிறந்து 1993 வரை, நூறாண்டு தாண்டி வாழ்ந்தார். "ரேங்க் க்யா ஹை" என்று கூவுகிற நம் கூட்டம் அவரை எந்த வரிசையில் உட்கார வைக்கும்? படிப்பு வரிசையிலா, கோட்டா வரிசையிலா?

புனேயிலிருந்து தெற்கே போனால் கோலாப்பூர். அங்கே ராஜாராம் கல்லூரி. அந்தக் கல்லூரியில் படித்த காஷாபா ஜாதவ் என்ற மல்லருக்கு 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போகப் பணம் போதவில்லை. கல்லூரி முதல்வராயிருந்த கர்டேகர் தம்முடைய வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனி ஒருவர் கொண்டு வந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். ஒரு முதல்வர் தம் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாரே, அந்தக் காரியத்துக்கு எந்தப் பட்டியலில் எத்தனை மதிப்பெண்?

நம் ஊரைச் சொல்ல வேண்டாமா? கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று உங்கள் தாய் தந்தையரைக் கேளுங்கள். அங்கே படித்தவர் வெங்கட்ராகவன். அங்கே படித்தவர் ஸ்ரீகாந்த். ஒருவர் பந்தைச் சுழற்றினார். மற்றவர் சுழன்று வந்த பந்தையெல்லாம் மைதானத்துக்கு வெளியே அனுப்பினார்.

அமெரிக்காவில் இந்தப் பைத்தியம் நம்மை விடப் பல மடங்கு முற்றியது. அங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் லட்சம் பேர் உட்காரும் அரங்கங்கள். பந்தயத்தில் தோற்கிற பக்கம், "நாங்கள் படிப்பில் பெரியவர்கள்" என்று கூவுவது அங்கே பழைய வழக்கம். அதிலே ஒரு வேடிக்கை. "ஐவி லீக்" என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு என்ன தோன்றுகிறது? ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், மேதைகள், நோபல் பரிசுகள்! நம் ஊர் விளம்பரங்களில் கூட, "இந்தியாவின் ஐவி லீக்" என்று அச்சடித்துக் கொள்கிறார்கள். உண்மையில் அது விளையாட்டுப் பந்தயக் கூட்டமைப்பு ஒன்றின் பெயர். எட்டுக் கல்வி நிலையங்கள் 1954-இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் முறையாக அமைத்துக் கொண்ட போட்டிச் சங்கம் அது. விளையாட்டுத் திறமைக்காக உபகாரச் சம்பளம் தருவதில்லை என்பது அதன் கட்டுப்பாடு. உலகத்தில் கல்விப் பெருமைக்கு மறுபெயராக வழங்குகிற சொல், கால்பந்து மைதானத்தில் பிறந்த சொல்!

சிக்காகோப் பல்கலைக் கழகத்தின் கதை இன்னும் ருசியானது. கல்லூரிக் கால்பந்தில் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கப்படும் ஹைஸ்மன் பரிசு, முதன்முதலாக 1935-இல், அந்தப் பல்கலைக் கழகத்து மாணவர் பெர்வாங்கருக்குத்தான் கிடைத்தது. நான்கே ஆண்டுகளில், 1939-இல், தலைவர் ஹட்சின்ஸ், படிப்புக்கு இது இடைஞ்சல் என்று கால்பந்துக் குழுவையே கலைத்து விட்டார். பார்க்க வந்த கூட்டம் போயிற்று. காலரி வெறிச்சோடியது. அந்தக் காலரிக்கு அடியிலிருந்த ஓர் ஆட்டக் கூடத்தில், 1942 டிசம்பர் 2-ஆம் தேதி, ஃபெர்மியும் அவருடைய குழுவினரும் அணுவைப் பிளக்கும் தொடர் வினையை உலகத்திலேயே முதன்முறையாகத் தம் கட்டுப்பாட்டில் நடத்திக் காட்டினார்கள். ஆட்டத்தை ஒழித்ததால்தான் அறிவு வளர்ந்தது என்று இதைக் கொண்டு யாரும் வாதாட வேண்டாம். 1969-இல் அங்கே மறுபடியும் கால்பந்துக் குழு வந்து விட்டது, பல்கலைக் கழகமும் பெருமை குன்றாமல் நிற்கிறது. காலரியில் கூச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிப்பு தன் பாட்டுக்கு வேறு இடத்தில் நடக்கிறது. அவ்வளவே நான் சொல்லுவது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. வட கரோலினாப் பல்கலைக் கழகம், சாப்பல் ஹில்லில் உள்ளது, ஆட்டத்திலும் படிப்பிலும் ஒருங்கே பெயர் பெற்றது. அங்கே 1993 முதல் 2011 வரையில், நடக்காத வகுப்புக்களுக்கு மதிப்பெண் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்! 2014-இல் வெளியான விசாரணை அறிக்கை, 3,100-க்கு மேற்பட்ட மாணவர்கள் அத்தகைய வகுப்புக்களில் பெயர் பதிந்திருந்தார்கள் என்றது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆட்டக்காரர்கள். அந்த ஆட்டக்காரர்கள் பெற்றது சலுகையா, வஞ்சனையா? ஒருவனிடம் வேலை வாங்கிக் கொண்டு, கூலிக்குப் பதில் கள்ள நாணயத்தைக் கையில் வைத்தால் அதற்குச் சலுகை என்றா பேர்?

ஆகையால், விளையாட்டு ஒதுக்கீட்டைப் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பந்தயத்துக்கு மட்டும் பையனை அழைத்து வந்து, வகுப்பில் அவன் முகத்தை யாரும் பார்க்காமலே மூன்று ஆண்டுகளை ஓட்டி விடுகிற கல்லூரிகள் நம் நாட்டிலும் உண்டு. கேள்வி கேட்க வேண்டியதுதான். ஆனால் யாரைக் கேட்பது? பந்தயத்துக்குப் போன நாளில் நடந்த பாடத்தை அவனுக்கு மறுபடி நடத்தினீர்களா என்று நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். மண்ணில் விழுந்து கிடப்பவனைக் கேட்பது கோழைத்தனம்.

அந்தத் தேனித் தம்பியின் நாள் எப்படிப் போகிறது என்று பிறகு தெரிந்து கொண்டேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மைதானம். எட்டு மணிக்கு வகுப்பு. பிற்பகல் ஆய்வுக் கூடம். மாலையில் மறுபடி மைதானம். இரவில் சோதனைக் குறிப்பேடு எழுத வேண்டும். போட்டிக்காக வெளியூர் போய் வந்த வாரத்தில் உள்தேர்வு ஒன்று போயிற்று. அதை மறுபடி எழுத அனுமதி வாங்குவதற்கு மூன்று கையெழுத்து வேண்டியிருந்ததாம். நான் அந்த வாரம் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ராஸ்தா பேட்டில் இட்டலி தின்றது நினைவிருக்கிறது.

சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் விளையாட்டு வீரர்களுக்கு ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் 2 கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று பெண்களுக்கு. நுழைவுத் தேர்வில் தேறியவர்கள்தாம் கேட்க முடியும். நாட்டின் தர வரிசையில் உச்சாணிக் கொம்பில் இருப்பதாக எல்லோரும் வியக்கிற கல்வி நிலையமே ஆட்டக்காரனைத் தேடிப் போகிறது. நடு வரிசையில் இருக்கிற நாம் "கோட்டா" என்று பல்லை இளிக்கிறோம்!

இப்படியெல்லாம் எழுதுவதால், பந்தயத்தில் எல்லோரும் கை கட்டி வாய் பொத்தி உட்கார வேண்டும் என்கிறேன் என்று எண்ணி விடாதீர்கள். கேலி இல்லாத பந்தயம் உப்பில்லாப் பண்டம். யாழ்ப்பாணத்தில் பரியோவான் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் 1904 முதல் கிரிக்கெட் போட்டி நடந்து வருகிறது. "வடக்கின் பெரும் போர்" என்றே அதற்குப் பெயர். பாண்டு வாத்தியம் முழங்க, கொடி பிடித்து, பழைய மாணவர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்து கூடிக் கூத்தாடுவார்கள். வேண்டியதுதான்! கோல்காவலன் கையில் வெண்ணெய் என்று சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்துத் தலைவன் ஓடுவது மாட்டு வண்டி போலிருக்கிறது என்று பாட்டுக் கட்டுங்கள். அதெல்லாம் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. அடுத்த பந்தில் அவன் பதில் சொல்லி விடலாம். "உன் கல்லூரி மட்டம், நீ கோட்டா" என்றால் எந்தப் பந்தைத் தடுத்து அவன் பதில் சொல்லுவான்?

கல்வித் தரத்தைப் பற்றி உண்மையிலேயே கவலையிருந்தால், அதைப் பேச இடம் இல்லாமலா போயிற்று? நம் துறையில் எத்தனை ஆசிரியர் இடங்கள் காலியாய்க் கிடக்கின்றன? நூலகம் ஏன் எட்டு மணிக்கே பூட்டப்படுகிறது? ஆய்வுக் கூடத்தில் ஒரு கருவியை எத்தனை பேர் சுற்றி நின்று பார்க்கிறோம்? மைதானத்தில் அத்தனை உரக்கக் கூவிய எங்கள் கூட்டத்தில், சென்ற மாதம் மாணவர் குறை கேட்கும் கூட்டத்துக்கு வந்தவர்கள் மூன்றே பேர். அந்த மூவரில் நானில்லை என்பதையும் சொல்லி விடுகிறேன்.

கடைசியாக நம் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்ற பொங்கல் விழாவில் புதிதாக வந்தவர்களை நாம் விசாரித்த அழகை எண்ணிப் பாருங்கள். "எந்த ஊர்?" என்பதற்கு முன்னால் "எந்தக் காலேஜ்?" என்கிறோம். பதில் வந்ததும் சிலருக்கு நாற்காலி. சிலருக்கு "ஓகோ, அப்படியா" என்ற ஒரு தலையசைப்பு. அந்தத் தலையசைப்பைப் பெற்றவர்கள்தாம் அடுப்படிக்குப் போய்ப் பரிமாறக் கரண்டி எடுத்துக் கொண்டார்கள் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. நாற்காலி கிடைத்தவன் நான்.

தேனித் தம்பியும் நானுமாகச் சேர்ந்து ஒன்று ஏற்பாடு செய்திருக்கிறோம். எல்லாக் கல்லூரித் தமிழ் மாணவர்களையும் கலந்து இரண்டு குழுக்கள். எந்தக் கல்லூரிப் பெயரும் கிடையாது, சட்டை மாற்றி நிறத்தால் மட்டும் பிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆட்டம். சென்ற வாரம் பதினேழு பேர் வந்தோம். இன்னும் ஐந்து பேர் வேண்டும். பெண்களும் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்குத் தனியாக ஒரு குழு சேரும் போலிருக்கிறது. கோலில் அவன்தான் நிற்கிறான். நான் இதுவரை அடித்த நான்கு பந்துகளையும் பிடித்து விட்டான். பந்தும் அவனுடையதே. காலணி மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும்.